நாமும் நாங்களும்: அணுமின் விவாதத்தில் சொல்லின் பொறுப்பு

 

இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் கல்வெட்டும் பேசப்படுவது வழக்கம். இம்முறை அணுமின்சாரம் என்னும் பொருளை நாம் தெரிவு செய்தபோது, “மொழியியலாருக்கு அணு உலையில் என்ன வேலை?” என்று நண்பர் ஒருவர் நகைத்தவாறே வினவினார். வினா நியாயமானதே. நாம் இயற்பியலார் அல்லோம், பொறியாளரும் அல்லோம். உலை கட்டலாமா கூடாதா என்று தீர்ப்புரைக்கும் தகுதி நமக்கு இல்லை. ஆயினும் அத்தீர்ப்பை ஒரு நாள் நம் நாட்டு மக்கள் வழங்கியாக வேண்டும். அவர்கள் அதனைச் சொற்களைக் கொண்டே வழங்குவர். அச்சொற்கள் தெளிவாக உள்ளனவா என்று நோக்குவது மொழியியலாரின் கடமையாகும். இன்றைய பொழிவின் எல்லை அவ்வளவே.

1. மீண்டும் எழுந்த பேச்சு

2025 ஜூலை 31ஆம் நாள் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட 13ஆம் மலேசியத் திட்டம், அணுவாற்றலை நாட்டின் வருங்கால மின் ஆதாரங்களுள் ஒன்றாக எண்ணிப் பேசியது. இப்பேச்சு புதிதன்று. 2011 ஜனவரியில் மலேசிய அணுமின் கழகம் என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் பற்றிய திட்டம் அக்காலத்தில் பேசப்பட்டது. இரண்டே திங்களில், 2011 மார்ச்சு 11ஆம் நாள், ஜப்பானின் ஃபுக்குஷிமாவில் ஆழிப்பேரலை புகுந்து உலைகளைச் சிதைத்தது. திட்டம் தளர்ந்தது. 2018இல் அன்றைய பிரதமர் மகாதீர் முகமது, மலேசியா அணுமின் நிலையம் அமைக்காது என்று வெளிப்படையாக அறிவித்தார். ஏழாண்டுகளில் காற்று மறுபடியும் திசை மாறியுள்ளது.

நம் நாட்டில் அணு உலையே இல்லை என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையத்தக்க பாங்கியில், 1982 ஜூன் 28ஆம் நாள் முதல் ஆய்வு உலை ஒன்று இயங்கி வருகிறது. புஸ்பாத்தி எனப்படும் அவ்வுலை மின்சாரம் ஆக்குவதில்லை. அதன் வெப்பத்திறன் ஒரு மெகாவாட்டே. ஆய்வு, பயிற்சி ஆகியவற்றிற்கு அது பயன்படுகிறது. ஆகவே அணுவும் நாமும் அண்டை வீட்டாராகி நாற்பதாண்டுகள் கடந்துவிட்டன. அந்த அண்டை வீட்டாரைப் பற்றித் தமிழில் பேசத்தான் நாம் இன்னும் பழகவில்லை.

2. ரவாங்கு முதல் காப்பார் வரை

மலாயாவின் மின்சார வரலாற்றில் தொடக்கத்திலேயே ஒரு தமிழர் நிற்கின்றார். 1894இல் சிலாங்கூர் ரவாங்கில் தம் ஈயச் சுரங்கத்தின் நீரை இறைப்பதற்காக லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். இந்நாட்டில் மின்னாக்கம் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய செய்தி அதுவே. இங்கிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவிலுள்ள மகா மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த அதே தம்புசாமி பிள்ளைதான் அவர்.

1949இல் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. 1953இல் கிள்ளானில் கன்னாட் பாலம் மின்நிலையம் திறக்கப்பட்டது. 1990இல் தெனாகா நேஷனல் பிறந்தது. இவ்வரலாறு பெருமைக்குரியதே. எனினும் விளக்கு யார் வீட்டில் முதலில் எரிந்தது என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் வளர்ந்தது கிள்ளான் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். தொழிற்சாலையிலும் துரை பங்களாவிலும் மின்விளக்கு எரிந்த காலத்தில், லயத்தில் நாம் மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தோம். மின்சாரம் நாட்டுக்கு வந்துவிட்டது என்னும் வாக்கியமும், மின்சாரம் எங்களுக்கு வந்துவிட்டது என்னும் வாக்கியமும் ஒன்றல்ல என்பதை இலக்கணம் கற்பதற்கு முன்பே அவ்விளக்கு நமக்குக் கற்பித்தது. இதனை நினைவில் வையுங்கள். பின்னர் இதற்கு மீள்வோம்.

இன்று மின்சாரம் இல்லாத வாழ்வை எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள், ஒரு சனிக்கிழமை மாலை, தீபகற்ப மலேசியா முழுவதும் மின்தடையில் ஆழ்ந்தது. அன்றைய கோலாலம்பூரை நினைவில் வைத்திருப்போர் இவ்வவையில் பலர் இருக்கலாம். மின்தூக்கியில் சிக்கியவர்களும் சாலை விளக்கின்றித் திண்டாடியவர்களும் மின்சாரத்தின் அருமையை அன்று உணர்ந்தனர்.

அம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது? 1981இல் அரசு வகுத்த நான்கு எரிபொருள் கொள்கை, எண்ணெயை மட்டும் நம்பியிராமல் நீர், இயற்கை எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றையும் நாடியது. தீபகற்பத்தில் இன்றும் எரிவாயுவும் நிலக்கரியுமே பெரும்பங்கு வகிக்கின்றன. கிள்ளானை அடுத்த காப்பாரில் 2,400 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திறனுடன் நிற்கும் நிலையம் நம்முள் பலருக்குக் கண்ணில் பழகிய காட்சி. நிலக்கரியின் பெரும்பகுதி கடல் கடந்து வருவது. அது வானில் சேர்க்கும் கரியமிலவாயுவோ கடல் கடந்தும் தீங்கு செய்வது. எனவேதான் 2023இல் வெளியான தேசிய ஆற்றல் மாற்ற வழிகாட்டி, 2050க்குள் மின்னாக்கத் திறனில் நூற்றுக்கு 70 பங்கு புதுப்பிக்கத்தக்க ஆதாரங்களிலிருந்து வரவேண்டும் என்று இலக்கு வகுத்தது. அவ்விலக்கை நோக்கிய வழியில் அணுவுக்கு இடமுண்டா என்பதே இன்றைய வினா.

3. உலையும் திறனும் ஆற்றலும்

இனிச் சொற்களுக்கு வருவோம். முதற்சொல் உலை. சோறாக்க அடுப்பிலேற்றும் கொதிநீர் உலை. கொல்லன் இரும்பைக் காய்ச்சும் தீக்குழியும் உலை. நம் முன்னோர் அறிந்த இச்சொல்லையே அறிவியல் தமிழ் எடுத்துக்கொண்டது. இது நல்ல தெரிவு. அணுமின் நிலையத்தில் உண்மையில் நிகழ்வது உலை கொதிப்பதுதான். யுரேனியத்தின் அணுக்கரு பிளவுறும்போது வெப்பம் வெளிப்படுகிறது. வெப்பம் நீரை ஆவியாக்குகிறது. ஆவி சுழலியைச் சுழற்றுகிறது. சுழலி மின்னாக்கியை இயக்குகிறது. நிலக்கரி நிலையத்திலும் அதே நீர், அதே ஆவி, அதே சுழலி. அடுப்பில் இடும் விறகு மட்டுமே வேறு. இதனைத் தமிழ்ச்சொல்லே மாணவருக்கு விளக்கிவிடுகிறது. மலாய்மொழி ‘ரெஅக்டோர்’ என்று கடன் வாங்கிக்கொண்டது. கடன் வாங்குவது குற்றமன்று. ஆனால் அச்சொல் கேட்பவர் மனத்தில் எந்தப் பானையையும் ஏற்றுவதில்லை.

ஆனால் அணு என்னும் சொல்லில் நாம் சற்று அயர்ந்துவிட்டோம். பிளவுறுவது அணுவின் உள்ளிருக்கும் கரு. எனவே அணுக்கரு என்பதே செப்பமானது. வழக்கில் அணுமின் என்றே நிலைத்துவிட்டது; அதனை மாற்ற முயல்வது வீண். வகுப்பறையில் ஒரு முறை விளக்கிவிட்டால் போதும்.

அடுத்தது இன்னும் முதன்மையானது. திறன் வேறு, ஆற்றல் வேறு. திறன் என்பது ஒரு நொடியில் எவ்வளவு வேலை செய்ய இயலும் என்பது. அதனை மெகாவாட்டில் சொல்கிறோம். ஆற்றல் என்பது காலமெல்லாம் சேர்த்து ஈட்டிய மொத்தம். வீட்டு மின்கட்டணச் சீட்டில் அது கிலோவாட் மணி என்று குறிக்கப்பட்டிருக்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர் செய்தித்தாளில் ஏமாறுவர். 1,000 மெகாவாட் அணு உலையும் 1,000 மெகாவாட் கதிரொளிப் பண்ணையும் ஏட்டில் ஒன்றே. உலை, ஓராண்டில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் முழுத்திறனில் இயங்க வல்லது. கதிரொளிப் பண்ணையோ இரவு உறங்கும். நம் நாட்டு மழைமுகிலின் கீழ் மங்கும். ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் அதன் விளைச்சல் முழுத்திறனின் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு அளவிலேயே அமையும். ஆகவே ஆற்றலில் இவ்விரண்டுக்கும் நான்கு முதல் ஆறு மடங்கு வேறுபாடு உண்டு.

இதனால் அணுவே சிறந்தது என்று முடிவுகட்டிவிட வேண்டா. கதிரொளித் தகடு சில திங்களில் கூரையேறிவிடும். அணு உலை எழப் பத்தாண்டும் அதற்கு மேலும் ஆகலாம். கதிரொளியின் விலை வீழ்ந்து வந்திருக்கிறது; அணு உலைகளின் செலவு பல நாடுகளில் மதிப்பீட்டைக் கடந்து ஏறியிருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் பத்தான் நிலையம் 1980களில் கட்டி முடிக்கப்பட்டும் ஒரு நாளும் எரிபொருள் ஏற்றப்படாமலே நின்றுவிட்டது. மறுபுறம், பாலைவன நாடாகிய ஐக்கிய அரபு அமீரகம் பராக்காவில் நான்கு உலைகளை அமைத்து இயக்கி வருகிறது. ஜெர்மனி 2023 ஏப்ரலில் தன் இறுதி மூன்று உலைகளையும் மூடிவிட்டது. ஒரே பொருளை அறிவுடைய நாடுகள் வெவ்வேறு வகையாக முடிவு செய்துள்ளன. கரியமிலக் கணக்கில் மட்டும் ஐயமில்லை. ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழு 2014இல் தொகுத்த மதிப்பீட்டின்படி, ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம், எரிவாயு 490 கிராம் அளவில் வெளியிட, அணுவோ 12 கிராம் அளவிலேயே நிற்கிறது. அணுவை எதிர்ப்போரும் இவ்வெண்ணை மறைத்தல் ஆகாது.

4. விளக்கு, ஒளி, கரி

அச்சம் மிகும் இடத்தில் சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கதிர்வீச்சு, கதிரியக்கம், கதிர்மாசு ஆகிய மூன்றையும் நம் செய்தித்தாள்கள் ஒன்றாகவே எழுதுகின்றன. தோட்டத்து மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டு இதனை விளக்கலாம். விளக்கு எரியும் இயல்புடையது, அவ்வியல்பு கதிரியக்கம். விளக்கிலிருந்து வருவது ஒளி, அது கதிர்வீச்சு. விளக்கின் புகை சுவரிலும் துணியிலும் படிந்து கரியாக ஒட்டுகிறது, அது கதிர்மாசு. ஒளியிலிருந்து விலகி நின்றால் ஒளி நம்மைத் தொடராது. கரி அவ்வாறன்று. கையில் ஒட்டினால் வீட்டுக்குள்ளும் உடன் வரும். ஒப்புமை முழுமையானதன்று, மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைக்கலாம், கதிரியக்கத்தை ஊதி அணைக்க இயலாது. அவ்வேறுபாட்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

அரைவாழ்வு என்னும் சொல்லும் அவ்வாறே. சீசியம் 137 என்னும் பொருளின் அரைவாழ்வு ஏறத்தாழ 30 ஆண்டு. அறுபதாண்டில் அது முழுதும் ஒழிந்துவிடும் என்று மாணவர் பலர் கணக்கிடுவர். முப்பதாண்டில் பாதியாகும், அறுபதாண்டில் காலாகும், தொண்ணூறாண்டில் அரைக்காலாகும். பாதிக்குப் பாதியாகக் குறையுமே அன்றி ஒரே நாளில் மறையாது. புளூட்டோனியம் 239க்கோ அரைவாழ்வு 24,000 ஆண்டுக்கு மேல். ‘அரை’ என்னும் சிறுசொல் எத்துணைப் பெரிய காலத்தைத் தாங்கி நிற்கிறது என்பதை ஆசிரியர் கரும்பலகையில் வரைந்தே காட்ட வேண்டும்.

5. ஒரே சொல், மூன்று வினாக்கள்

இவ்விவாதத்தில் மிகுதியாக ஒலிக்கும் சொல் பாதுகாப்பு என்பதே. “அணு உலை பாதுகாப்பானது” என்பர் ஒரு சாரார். “பாதுகாப்பற்றது” என்பர் மறு சாரார். அனைத்துலக அணுவாற்றல் முகவம் இவ்விடத்தில் மூன்று வெவ்வேறு கடமைகளைப் பிரித்துப் பேசுகிறது. உலையில் விபத்து நேராமல், நேர்ந்தால் மக்களைத் தாக்காமல் காப்பது ஒன்று. திருடரும் பகைவரும் உலையையும் எரிபொருளையும் அணுகாமல் காப்பது மற்றொன்று. மின்சாரத்திற்கென வாங்கிய பொருளை ஒரு நாடு மறைவாகப் படைக்கலத்திற்குத் திருப்பாமல் கண்காணிப்பது மூன்றாவது. மலாய்மொழி இவற்றை முறையே கெசெலாமாத்தான், செக்குரித்தி, காவால்குணாஆன் என்று மூன்று சொற்களால் பிரித்துவிட்டது. தமிழில் நாம் மூன்றையும் பாதுகாப்பு என்றே எழுதிவருகிறோம். அமைச்சர் ஒருவர் ஒரு வினாவுக்கு விடை தந்தால், மூன்றுக்கும் விடை தந்ததாகத் தமிழ்ச் செவிக்குக் கேட்கிறது.

விபத்துக் காப்பு, பகைக் காப்பு, பயன்பாட்டுக் கண்காணிப்பு என்னும் மூன்று தொடர்களை இவ்வவையின் ஆய்வுக்கு முன்வைக்கிறோம். இவற்றினும் சிறந்தவை கிடைப்பின் மகிழ்ந்து ஏற்போம். சொல் எதுவாயினும் பிரிவு வேண்டும்.

இன்னுமொன்று. ‘பாதுகாப்பானது’ என்னும் சொல்லில் செய்பவர் இல்லை. பாதுகாப்பு என்பது கல்லின் கடினம்போல ஒரு பொருளுக்கு இயல்பாக அமைந்த குணம் என்று அச்சொல் நம்மை எண்ண வைக்கிறது. இக்கட்டடத்தை விட்டு இறங்கினால் நாம் காணும் தெரு இதற்குச் சான்று. 2024 ஆகஸ்ட் 23ஆம் நாள் மஸ்ஜித் இந்தியா சாலையின் நடைபாதை உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் அக்குழியில் வீழ்ந்து மறைந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. பூக்கடைக்கும் புடவைக்கடைக்கும் அன்றாடம் செல்வோர் அந்த நடைபாதை பாதுகாப்பானதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. தரைக்குக் கீழே ஓடும் நீரையும் குழாயையும் மண்ணையும் நாள்தோறும் எவரேனும் பார்த்துக்கொண்டிருந்தால்தான் மேலே உள்ளது பாதுகாப்பு. ஆகவே ‘பாதுகாப்பானது’ என்று கேட்கும்போதெல்லாம், ‘யாரால் பாதுகாக்கப்படுவது? எத்தனை ஆண்டுக்கு? அவரைக் கண்காணிப்பவர் யார்?’ என்னும் வினாக்களை மாணவர் உடன் எழுப்புதல் வேண்டும். பெயரடையை வினையாக மாற்றினால் செய்பவர் வெளிப்படுவார். இது எளிய இலக்கணப் பயிற்சியே.

6. நாமும் நாங்களும்

இப்பொழிவின் மையத்துக்கு வந்துவிட்டோம். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் உள்ளிட்டுச் சொல்வது ‘நாம்’. கேட்பவரை விலக்கிச் சொல்வது ‘நாங்கள்’. மலாயிலும் அவ்வாறே: ‘கித்தா’ உள்ளிட்டது, ‘காமி’ விலக்கியது. வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த இவ்விரு மொழிகளும் இவ்வேறுபாட்டைப் போற்றுகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு வழியில்லை. நம் நாட்டுப் பெரும்பாலான மக்கள் தத்தம் மொழியில் பேசும்போது இவ்வேறுபாட்டைக் கடைப்பிடித்தே தீர வேண்டும். ஆற்றல் கொள்கைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் சிந்திக்கப்பட்டுப் பின்னர் மொழிபெயர்க்கப்படுகின்றன.

“நமக்கு மின்சாரம் தேவை” என்கிறது ஆவணம். இது ‘நாம்’. உலை அல்லது கழிவுக்கிடங்கு எங்கேனும் ஓரிடத்தில் அமைய வேண்டும். அவ்விடத்தார் பேசும்போது, “எங்கள் ஊரில்” என்பர். அது ‘நாங்கள்’. ‘நாம்’ பெறும் பயனுக்காக ‘நாங்கள்’ சுமக்கும் சுமை எவ்வளவு? இவ்வினாவே அணுமின் விவாதத்தின் உயிர்நிலை என்பது நம் கருத்து.

இதற்கு நம் நாட்டிலேயே பாடம் உண்டு. பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982 முதல் ஏஷியன் ரேர் எர்த் என்னும் ஆலை இயங்கியது. அது அணுமின் நிலையம் அன்று. ஈயச் சுரங்க எச்சத்தில் கிடைக்கும் கனிமத்திலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுத்த ஆலை. அப்போது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு மிஞ்சியது. ஊர்மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் உயர்நீதிமன்றம் ஆலையை மூடுமாறு தீர்ப்பளித்தது. 1993 இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994 தொடக்கத்தில் நிறுவனமே ஆலையை மூடிவிட்டது. உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்புண்டா என்பதில் இரு தரப்பு வல்லுநரும் நீதிமன்றத்தில் முரண்பட்டனர். அதனைத் தீர்த்துச் சொல்வது நம் வேலையன்று. நாம் காண்பது ஒன்றே: ஊர்மக்கள் ‘நாங்கள்’ என்று பேசுவதற்கு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அவர்களிடம் முதலிலேயே எவரும் கேட்கவில்லை.

கடல் கடந்து தமிழகத்திற்குச் செல்வோம். 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட உடன்பாட்டின் வழி, திருநெல்வேலி மாவட்டக் கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் எழுந்தன. ஃபுக்குஷிமாவுக்குப் பின், 2011இல், இடிந்தகரை மீனவ மக்கள் பெருந்திரளாகப் போராட்டத்தில் இறங்கினர். 2012 செப்டம்பரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். 2013 மே 6ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் நிலையத்தை இயக்க இசைவளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியது.

அப்போராட்டக் காலத்தில் தமிழகம் கடும் மின்வெட்டில் தவித்தது என்பதையும் மறத்தலாகாது. தறிகள் நின்றன, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவத்தி ஏற்றினர். “நமக்கு மின்சாரம் வேண்டும்” என்ற கோவைத் தொழிலாளியின் குரலில் பொய்யில்லை. “எங்கள் கடல் என்னாகும்?” என்ற இடிந்தகரைப் பெண்ணின் குரலிலும் பொய்யில்லை. இருவரும் தமிழர், இருவரும் ஒரே மொழியின் இரு பன்மைகளில் பேசினர். ஆயினும் ஒருவரை மற்றவர் அறிவற்றவர் என்றும் இரக்கமற்றவர் என்றும் ஏசிய காலம் அது. கூடங்குளத்தின் அருகிலேயே, ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. காற்றா அணுவா என்னும் வினா அங்கு ஏட்டு வினா அன்று. வீட்டு வாயிலில் நின்று காணும் வினா. புதிய உலைகளுக்காக 2007இல் நடந்த பொதுமக்கள் கருத்துக்கேட்பின்போது எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று, சுற்றுச்சூழல் மதிப்பீட்டறிக்கை தமிழில் வேண்டும் என்பதாகும். தமிழ்நாட்டிலேயே அவ்வாறு கேட்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வேறு வழியும் உண்டு. பின்லாந்தில் பயன்தீர்ந்த எரிபொருளைப் பாறைக்கடியில் புதைக்கும் ஒங்கலோ என்னும் கிடங்கு அமைந்துள்ளது. அந்நாட்டுச் சட்டப்படி, இத்தகைய இடத்தை மறுக்கும் உரிமை அவ்வூராட்சிக்கு உண்டு. எயுராயோக்கி என்னும் அவ்வூராட்சி மன்றம் 2000இல் வாக்கெடுத்து இசைந்தது. அதன் பின்னரே 2001இல் நாடாளுமன்றம் அம்முடிவை உறுதி செய்தது. ஊராட்சி ‘நாங்கள் இசைகிறோம்’ என்று சொன்ன பின்னர் நாடு ‘நாம் செய்கிறோம்’ என்றது. வரிசை முக்கியம். ‘நாங்கள்’ முதலில், ‘நாம்’ பின்னர்.

இப்பொழிவு முழுவதும் நாமும் ‘நாம்’ என்றே பேசிவருகிறோம். இது சொற்பொழிவாளர் மரபு. ஆனால் இம்மரபிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. ‘நாம்’ என்ற மாத்திரத்தில், கேட்கும் நீங்களும் நம் கருத்துக்கு இசைந்துவிட்டதாக ஒரு தோற்றம் எழுகிறது. அத்தோற்றத்தை நம்பாதீர்கள். எவர் ‘நாம்’ என்றாலும், ‘அதனுள் நான் உண்டா? என்னைக் கேட்டார்களா?’ என்று எண்ணிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

7. எதிர்காலத்தாரும் கேட்பவரே

‘நாம்’ என்பதனுள் இன்னும் பிறவாதவரும் அடங்குவரா? அணுக்கழிவு இவ்வினாவை மொழியியலாரின் வாயிலிலேயே கொண்டுவந்து வைத்தது. கழிவு புதைத்த இடத்தில், பத்தாயிரம் ஆண்டுக்குப் பின் வருவோர்க்கு ‘இங்கே தோண்டாதீர்’ என்று எவ்வாறு அறிவிப்பது? அமெரிக்காவில் இதனை ஆராய அமைத்த குழுவுக்காக, தாமஸ் சிபியோக் என்னும் மொழியியலார் 1984இல் அறிக்கை ஒன்றை அளித்தார். எந்த மொழியும் எந்தக் குறியும் அவ்வளவு காலம் தாங்கும் என்று நம்ப இயலாது; எனவே தலைமுறைகள் செய்தியைத் தம் காலத்து மொழியில் மாற்றி எழுதி, அடுத்த தலைமுறைக்குக் கையளித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கூறிய வழிகளுள் ஒன்று.

இது மிகையன்று. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகள் கிறித்துவுக்கு முன் வெட்டப்பட்டவை. 1882இல் ராபர்ட் சுவெல் அவற்றைக் கண்டார். அங்குள்ளவை போன்ற குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டும் வரை அறிஞர் உலகம் ஐயுற்றே இருந்தது. கல் அழியவில்லை; மொழியும் இறக்கவில்லை; அதே மண்ணில் அதே மொழியைப் பேசியோர் தொடர்ந்து வாழ்ந்தனர். ஆயினும் ஈராயிரம் ஆண்டில் அவ்வெழுத்தைப் படிப்பார் இல்லாமற்போயினர். இவ்வளவு தொடர்ச்சியுடைய மொழிக்கே இந்நிலை என்றால், 24,000 ஆண்டு அரைவாழ்வுடைய பொருளின்மேல் எந்த எழுத்தைப் பொறிப்பது? அணுமின் வேண்டாம் என்பதற்கு இதனை நாம் வாதமாகச் சொல்லவில்லை. நிலக்கரியின் புகையும் எச்சரிக்கைப் பலகை ஏதுமின்றி எதிர்காலத்தார் தலைமேல் ஏறுகிறது. இரண்டில் எதனைத் தேர்ந்தாலும், பேச வாயில்லாத ‘நாங்கள்’ ஒருவர் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

8. வகுப்பறையில் செய்யத்தக்கவை

ஆசிரியப் பெருமக்களே, பெரிய கொள்கைகளைப் பேசிவிட்டுச் சிறிய பணிகளைச் சொல்லாமல் செல்வது முறையன்று. மூன்று பணிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, மாணவரிடம் வீட்டு மின்கட்டணச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதிலுள்ள கிலோவாட் மணியைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். திறனும் ஆற்றலும் அன்றே பிரிந்துவிடும்.

இரண்டாவது, அணுவாற்றல் பற்றிய மலாய்ச் செய்தி ஒன்றையும் தமிழ்ச் செய்தி ஒன்றையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் இணையை எழுதச் சொல்லுங்கள். எங்கே தமிழ் தெளிவாக உள்ளது, எங்கே மலாய் தெளிவாக உள்ளது என்று அவர்களே காண்பர். மொழிப்பற்று என்பது பிறமொழியின் நன்மையை மறைப்பதன்று.

மூன்றாவது, வகுப்பில் பட்டிமன்றம் நடத்துங்கள். ஆனால் வழக்கமான இரு அணிகளோடு மூன்றாவது அணி ஒன்றையும் அமையுங்கள். ஓரணி அணுமின் வேண்டும் என்று பேசட்டும். ஓரணி வேண்டாம் என்று பேசட்டும். மூன்றாவது அணி, உலை அமையவிருக்கும் ஊரார் இடத்தில் நின்று ‘நாங்கள்’ என்று பேசட்டும். முதலிரண்டு அணிகளும் அவ்வணிக்கே விடை கூற வேண்டும்.

ஒரு நாள் இந்நாட்டின் ஏதோவொரு கடற்கரை ஊரில் அணு உலை பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கலாம். அக்கூட்டத்தில் பழைய தோட்டப் பாட்டாளி ஒருவர் எழுந்து நின்று தமிழில் ஒரு வினா கேட்கலாம். அவருடைய வினாவை மேடையில் இருப்போர்க்கு மொழிபெயர்க்க அங்கே ஒருவர் வேண்டும். மேடையின் விடையை அவருக்குச் சிதையாமல் திருப்பித்தரவும் ஒருவர் வேண்டும். அவர் இன்று நம் பள்ளிகளில் ஏதோவொரு வகுப்பில் அமர்ந்திருக்கிறார். அவர் கையில் தெளிந்த சொற்களைக் கொடுப்பதே நம் கடமை. அதன் பின் உலை வேண்டும் என்று முடிவாயினும், வேண்டா என்று முடிவாயினும், அம்முடிவை ‘நாம் எடுத்தோம்’ என்று அவ்வூரார் சொல்லத்தக்கதாக இருக்கும்.